முதுகுக்கு மட்டும்

மகள் கைப்பேசியை நீட்டினாள். புதுப்படம் ஒன்றின் முடிவை யாரோ ஒரு ரசிகன் வெட்டி ஒட்டி, தானும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்து, வேறு மாதிரி முடித்திருக்கிறான். கீழே அடிதடி. டைரக்டரைவிட இவன் கில்லாடி என்று ஒரு கூட்டம், போய் வேலையைப் பாருடா என்று இன்னொரு கூட்டம். "சத்தத்தைக் கொறைம்மா" என்றேன். இந்த மாதிரிப் படங்களில் சத்தம் கேட்டாலே எனக்குப் புளி வாசனை அடிக்கும், காது சுடும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் ரசிகர் மன்றம் துக்கத்தில் இருந்தது. தலைவர் என்று நாங்கள் கும்பிட்ட நடிகரைக் கடைசி ரீலில் மலையிலிருந்து உருட்டிக் கொன்றுவிட்டார் டைரக்டர். மன்றச் செயலாளர் செல்வம் சோறே இறங்கவில்லை என்றான். போண்டா அந்தக் கணக்கில் சேராது. கல்யாண வீடியோ எடுக்கும் கபீர் பாய் மட்டும் டைரக்டர் பக்கம்.

"செத்தாத்தாம்பா அது படம். இல்லீன்னா வெறும் சண்டை."

"அவரு யாருங்க பாய் சாவடிக்க? நாங்க எடுக்கறோம் பாருங்க, தலைவர் எந்திரிச்சு வருவாரு."

எடுத்தோம். பாயின் கேமராவிலேயே, சித்தேரி மலைப்பாதையில். எழுந்து வரும் தலைவர் நான்தான். நடையும் தோளும் அப்படியே அவர் என்று நாலு பேர் சொல்லப்போய், என் நிழலைக்கூட நானே மரியாதையோடு பார்த்துவந்த காலம் அது. "பின்னாலிருந்தே எடுப்போம், மர்மமா இருக்கும்" என்றான் செல்வம். மர்மம் என்ற சொல் இனித்தது. வெயில் ஏற ஏற நானும் ஏறினேன், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. முதுகைத்தானே எடுக்கிறார்கள் என்று தோன்றவேயில்லை.

ஒரு புளி மண்டியில் டி.வி.யும் வீடியோ டெக்கும் போட்டுக் காட்டினோம். மூட்டைகள் மேலெல்லாம் சனம். அம்மாவை முன்னால் உட்கார வைத்திருந்தேன். அசல் படம் ஓடி, தலைவர் விழுந்து, விசும்பல் ஓய்வதற்குள் எங்கள் டேப். என் முதுகு வந்தது. விசில் பறந்தது.

கல்யாண கேசட்டுகளில் பாய் எப்போதும் பேச்சுச் சத்தத்தின்மேல் பாட்டை ஏற்றித் தருவார். எங்கள் அவசரத்தில் அதற்கு நேரமில்லை. கேமராவுக்குக் காதும் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. திரையில் நான் தூரத்தில் நடக்கிறேன்; கேமரா அருகே நின்றிருந்த செல்வத்தின் குரல் மண்டி முழுக்கக் கேட்கிறது.

"முதுவுக்கு மட்டுந்தான்டா இவன். திரும்பிட்டான்னா தலைவர் மறுபடி செத்துருவாரு."

சிரிப்பு மூட்டை மூட்டையாகச் சரிந்தது. "கொஞ்சம் திரும்புங்க தலைவரே" என்றது ஒரு குரல். முகம் கழற்றி ஒளித்துவைக்கிற பொருளாக இருக்கக் கூடாதா என்று தவித்தேன்.

வாசலில் மறுபடி வாக்குவாதம்.

"டைரக்டர் சாவடிச்சதே தேவலாம்னு இப்பத் தெரியுதா?" என்றார் பாய்.

"கதை எங்களுதுதாங்க நல்லாருக்குது. ஆளுதான்..." என்ற செல்வம் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அந்த நிறுத்தம்தான் இன்னும் சுடுகிறது.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது, என்னைப் பார்க்காமல் அம்மா சொன்னாள்: "முதுவு நல்லாத்தான்டா இருந்துச்சு. நிமுந்து நடந்த."

அந்த டேப்பின்மேல் பாய் பிறகு யாருடைய நிச்சயதார்த்தத்தையோ ஏற்றிவிட்டார். மண்டி போயிற்று, டெக் போயிற்று, அம்மாவும் போய்விட்டாள். இருபது வயதில் என் முதுகு எப்படி இருந்தது என்று சொல்ல இனி ஆளில்லை.