லியோனில் மாமி வைத்த பரீட்சை

அந்தக் காபிக் கோப்பை என் கட்டைவிரல் உயரம்தான் இருந்தது. பிரான்சில் லியோன் நகரத்துக்கு நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலை, தெருவோரக் காபிக்கடை ஒன்றில் என் மாமியாருக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாமி கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "வெறுந் தேத்தண்ணி பிளாஸ்க்கு எங்க புள்ள?" என்று என்னைக் கேட்டார். ரங்கூனில் எந்தத் தேநீர்க்கடையில் போய் உட்கார்ந்தாலும் மேசை நடுவில் ஒரு பிளாஸ்க் இருக்கும். ஒரு லபெயே, அதுதான் எங்கள் ஊர்ப் பால் தேநீர், அதை வாங்கி வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கில் இருக்கிற வெறுந்தேநீரை ஊற்றி ஊற்றிக் குடித்தபடி மத்தியானம் வரைக்கும் ஊர்க்கதை பேசலாம். எழுந்திரு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "இங்க அதெல்லாம் வைக்க மாட்டாங்க மாமி" என்றேன். "அதக்கூட வைக்காத ஊருலயா என் பொண்ணக் குடுக்கச் சொல்றீங்க?" என்றார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். என் நாத்தனார் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து லியோனுக்கு மாற்றலானவள். அந்த ஊர்ப் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவனும் கலிமா சொல்லி மார்க்கத்துக்கு வந்துவிட்டான். ரங்கூனில் தின்கன்ஜூன் பேட்டையிலிருக்கிற எங்கள் வீட்டுக்குள் இந்தச் செய்தி நுழைந்ததும் உறவு ஜனம் ஆளுக்கொரு பக்கம் குதித்தது. நாட்டில் கைப்பேசி நாலு பெரிய மனிதர்களிடம் மட்டும் இருந்த காலம் என்றாலும், இது அரை நாளில் ஊரின் மறுகோடியிலிருக்கிற அலோன் படகுத்துறை வரை போய்விட்டது. மாமி மட்டும் பையனின் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, சம்பளத்தையும் கேட்கவில்லை. "கலிமா அவனுக்கும் அல்லாவுக்கும் நடுவுல உள்ளது. வந்தவங்களுக்குச் சோறு போடத் தெரிஞ்ச குடும்பமான்னு நான் பாக்கணும். இல்லேன்னா பொண்ணு கெடையாது" என்று சொல்லிவிட்டார். உம்மா சம்மதிக்காமல் நிக்காஹ் இல்லை என்று நாத்தனாரும் ஒற்றைக் காலில் நின்றாள். என் கணவரால் கடையை விட்டு நகர முடியவில்லை. துணைக்கு நான் போனேன். ஐரோப்பா பார்க்கிற யோகம் எனக்கு இப்படித்தான் அடித்தது.

உள்ளதைச் சொல்கிறேன், மாமி பரீட்சை வைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன். காலையில் தொட்டாலே உதிர்கிற வெண்ணெய் ரொட்டி, மத்தியானம் பூண்டும் தக்காளியும் போட்ட மீன், சாயங்காலம் சூடு ஆறாத ஆப்பிள் பணியாரம். இறைச்சி பக்கம் நாங்கள் போகவில்லை. மீனும் முட்டையுமே இவ்வளவு ருசியாக இருக்கும்போது வேறென்ன வேண்டும்? கடைக்குக் கடை மாமியின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது.

பையனின் அம்மா கணவரை இழந்தவர், மாமியைப் போலவே. முதல் விருந்துக்கு ஆற்றோரத்து உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். வெள்ளை மேசைவிரிப்பு, மெழுகுவத்தி, எல்லாம் அழகுதான். ஆளுக்கொரு தட்டு வந்தது. அவரவர் தட்டை அவரவர் காலி செய்தார்கள். இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. அறைக்குத் திரும்பியதும் மாமி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாமெல்லாம் கல்யாணத்துல நாலு பேரு ஒரே சஹன் தட்டுல கைய வச்சுத் திங்கிறவங்க. இவங்க பக்கத்துல இருக்குறவ தின்னாளா இல்லையான்னுகூடத் திரும்பிப் பாக்கல. என் மவ பசியோட கெடந்தா யாரு கேப்பா?" நாத்தனார் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு விருந்துக்கு மாமியைச் சம்மதிக்க வைத்தேன்.

இரண்டாவது உணவகம் சின்னது. கூட்டமோ நிறைந்து வழிந்தது. பாதிச் சாப்பாட்டில் பையனின் அம்மாவுக்கு ரொட்டித் துணுக்கு தொண்டையில் சிக்கிப் பலமாக இருமல் வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டுகிறது, தண்ணீர்க் குடுவையோ காலி. பரிமாறுகிற பெரியவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமி யோசிக்கவே இல்லை. உதட்டைக் குவித்து, முத்தம் கொடுப்பது போல, 'ப்ச், ப்ச்' என்று உரக்கச் சத்தமிட்டார். ரங்கூன் தேநீர்க்கடையில் ஆளைக் கூப்பிடுகிற முறை அதுதான், கேட்டதும் ஓடிவருவார்கள். இங்கே கூடமே கப்சிப் ஆகிவிட்டது. பெரியவர் முகம் சிவந்து திரும்பினார். பக்கத்து மேசைக்காரன் ஒருவன் மாமியைப் பார்த்து இளித்தான் பாருங்கள், அவனைப் பிடித்து நாலு அறை விடலாம் போல இருந்தது.

"உம்மா! இப்படியா கூப்புடுவாங்க? தப்பா எடுத்துக்குவாங்க உம்மா! என் மானமே போச்சு!" என்று நாத்தனார் அழுதே விட்டாள். என்ன ஆயிற்று என்று மாமிக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனுஷி தலைகுனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பரீட்சை வைக்க வந்தவர் தோற்று உட்கார்ந்திருந்தார். இனி அவர்கள் நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

பையனின் அம்மா, இருமல் அடங்கியதும், நாத்தனாரிடம் ஏதோ கேட்டார். இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்கள் ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னாள். அவர் காலிக் குடுவையைப் பார்த்தார். துணிக்குள் குனிந்திருந்த மாமியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெரியவர் பக்கம் திரும்பி, தானும் உதட்டைக் குவித்தார். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. விடவில்லை. இரண்டாம் தடவை 'ப்ச், ப்ச்' என்று கூடமே அதிர அடித்தார். பெரியவர் ஒரு கணம் திகைத்து நின்றார், அப்புறம் சிரித்துவிட்டார். கூடமே சிரித்தது. பெரியவர் இரண்டு கையிலும் குடுவையோடு ஓடிவந்து மாமிக்கு முன்னால் தலை வணங்கினார். பையனின் அம்மா முதல் தண்ணீரை மாமியின் தம்ளரில் ஊற்றினார்.

மாமி மெதுவாகத் துணியை விலக்கினார். "என்ன பண்ணா இவ?" என்று கேட்டார். "உங்களத் தனியா அசிங்கப்பட விடல மாமி" என்றேன். மாமி தன் தட்டிலிருந்த மீனில் நல்ல சதையாகப் பார்த்துப் பிய்த்தார். விரலால் முள்ளை நீக்கி, அந்தச் சதையைப் பையனின் அம்மா தட்டில் வைத்து, "தின்னு" என்றார், சுத்தத் தமிழில். அவரும் முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உம்மா, அப்ப..." என்று நாத்தனார் இழுத்தாள். "என்ன அப்ப? வெக்கத்துல கூட நின்னவ சோத்துலயா கைவிட்டுருவா? ரங்கூனுக்கு எப்ப வர்றாங்கன்னு கேளு" என்றார் மாமி. நான் மேசையைத் தட்டியே விட்டேன்! ஜெயித்தது நாத்தனாரா, பையனா, மாமியா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோருமே ஜெயித்த முகத்தோடு வெளியே வந்தோம். இப்போதெல்லாம் நாத்தனாருக்கும் அவள் மாமியாருக்கும் ஏதாவது மனத்தாங்கல் என்றால், மாமி பெற்ற மகள் பக்கம் பேசுவதே இல்லை.

நிக்காஹ் தின்கன்ஜூனில் எங்கள் வீட்டில்தான் நடந்தது. டாக்ஸியில் வந்து இறங்கிய பையனின் அம்மாவைப் பார்க்கத் தெருவே கூடியது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி என் காதருகே வந்து, "வெள்ளைக்காரிக்கு உள்ள தனியா மேச போட்டு, கரண்டி வச்சுக் குடுத்துருங்க. நம்மோட எப்படி ஒக்காருவா?" என்றாள். கிசுகிசுப்பதாகத்தான் அவளுக்கு நினைப்பு. பந்திக்கு அந்தப் பக்கம் நின்ற மாமியின் காதுக்கு அது போய்விட்டது.

"தனியாவா?" என்று மாமி போட்ட அதட்டலில் பிரியாணிச் சட்டியருகே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அவ என் சம்பந்தி. எனக்கு முன்னாடி அவளுக்குச் சோறு வைங்க!"