நான் தூக்கிய வெள்ளைக் கொடி

பிள்ளைகளே, இது நான் செய்த ஒரு பிழை.

என் மகள் மது சூரிச்சில் ஹர்லிங் விளையாடுகிறாள். தட்டையான மட்டையால் சிறு பந்தை அடிக்கும் அயர்லாந்து விளையாட்டு அது. போட்டிப் பருவம் தொடங்குமுன், சுற்றுவட்டாரத்துச் சின்ன அணிகள் மட்டும் கூடி ஒரு போட்டி வைத்தன. ஆள் போதாததால் ஒரு பக்கக் கோலடியில் என்னைத் தனியாக நிறுத்தி, வெள்ளைக் கொடி ஒன்றைத் தந்தார்கள். இரு கம்பங்களுக்கும் நடுவே உயரமாகப் பந்து போனால் கொடியைத் தூக்க வேண்டும். அது ஒரு புள்ளி.

கடைசி நிமிடம், இரண்டு அணியும் சமம். மது அடித்த பந்து கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போனது. நன்றாகவே கண்டேன். ஆனாலும் கொடியைத் தூக்கிவிட்டேன்.

எதிரணியின் கோல் காப்பாளர் பெண் தலை குனிந்தாள். மது ஓடி வந்தாள்.

"அப்பா, உண்மையாவோ உள்ளுக்கால போனது?"

"ஓம் பிள்ளை."

"நிலத்தைப் பாத்துச் சொல்லாதேங்கோ. என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

முடியவில்லை. நடுவரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த டொச், அதாவது ஜேர்மன் மொழியில், "பந்து வெளியே. பிழை என்னுடையது" என்றேன். அவர் புள்ளியை அழித்தார். அடுத்த அடியிலேயே எதிரணி வென்றது.

மதுவின் கண்கள் நிறைந்தன. என் கையைப் பிடித்தாள்.

"இல்லாட்டி அந்தக் கீப்பர் பிள்ளையெல்லோ அழுதிருக்கும். வாங்கோ, அவவுக்குக் கை குடுப்பம்."

அன்று மது உண்மையாகவே மூன்று புள்ளிகள் எடுத்திருந்தாள்; அவற்றுக்கும் கொடி தூக்கியவன் நான்தான். என் ஒரு பொய்யால் அந்த மூன்றையும் யாரும் நம்பாமல் போயிருப்பார்கள். அதை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.