மஞ்சளுக்கு அடியில் பச்சை

பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு வருடத்துக்கு ஒருமுறை சி.எஸ்.ஆர். என்னும் சமூகப் பொறுப்புக் காய்ச்சல் வரும். நிறுவனம் சமூகத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டுமாம். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பதால் அந்தக் குழுவில் என்னையும் போட்டார்கள். ஜார்ஜ்டவுனில் காது கேளாதவர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றின் சுவருக்குச் சாயம் பூசுவதாக முடிவானது.

நாற்பது பேர் ஒரே நிற டி-சட்டையில் போய் இறங்கினோம். எதையும் நோண்டிப் பார்ப்பது என் குணம். சுவரின் மூலையை நகத்தால் சுரண்டினேன். மஞ்சளுக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம். மையத்தை நடத்தும் டீச்சரிடம் விசாரித்தேன். மஞ்சள் ஒரு வங்கி, பச்சை ஒரு தங்கும் விடுதி, நீலம் ஒரு கல்லூரி என்றார். ஆசையாக வருகிறவர்களை எப்படி வேண்டாம் என்பது என்று அவரே என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

என் பக்கத்தில் நின்று பூசியவள் அங்கே பயிலும் பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். நான் வழியவிட்ட சாயத்தையெல்லாம் அவள்தான் திருத்தினாள். மதியம் டீச்சரின் சட்டைக் கையைப் பிடித்து என்னிடம் இழுத்து வந்து, கைகளால் ஏதோ சொன்னாள்.

"உங்க ஃபேக்டரியில வேலை கிடைக்குமான்னு கேக்குறா."

சாயம் பூச வந்த எல்லாரிடமும் கேட்டிருக்கிறாளாம். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள்தாம் அத்தனை பேரும். நானும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மனிதவள மேலாளரிடம் போனேன். அது சி.எஸ்.ஆர். இல்லை, ஆள் எடுப்பது, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார். இது என்ன கூத்து! சுவருக்குப் பூசினால் பொறுப்பு, ஆளுக்கு வேலை கொடுத்தால் குழப்பமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அலாரம் அடிச்சா அந்தப் பொண்ணுக்கு எப்படிலா கேக்கும்?" என்றார்.

மையத்தில் படித்த ஒருவர் பட்டணத்தில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் வேலை பார்க்கிறார் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க, சாப்பிடுகிற சாக்கில் போனேன். சேவையாகச் செய்கிறீர்களா என்று முதலாளியிடம் கேட்டதற்கு என்னை விநோதமாகப் பார்த்தார்.

"சேவையா? வெங்காயம் வெட்ட ஆள் இல்ல தங்கச்சி, எடுத்தேன். நல்லாத்தான் வெட்டுறான். லீவு கேட்டுத்தான் உசுர வாங்குறான்."

எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தட்டினார். சமையல்கட்டில் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது. உள்ளே இருந்தவர் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் பல்பைச் சொல்லிச் சொல்லியே நான்கு மாதம் மேலாளரை நச்சரித்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, நகர்ந்தது. பொட்டலம் கட்டும் பிரிவில் அலாரத்தோடு ஒரு சிவப்பு விளக்கையும் பொருத்தினார்கள். அவள் வேலைக்கு வந்தாள்.

அடுத்த வருடமும் அதே மையம், அதே சுவர். இந்த முறை மனிதவள மேலாளரும் அவளும் எங்கள் டி-சட்டையில் வந்திருந்தார்கள். படம் எடுக்கும்போது கொடுப்பவர்கள் வலப்பக்கம், வாங்குபவர்கள் இடப்பக்கம். அவள் கைகளால் பேசுவதைப் பார்த்த படக்காரர், அவளை இடப்பக்கம் நிறுத்தி அன்பளிப்புப் பையையும் கையில் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அந்தப் பையைப் பக்கத்தில் நின்ற மாணவியிடம் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றாள்.

படம் எடுத்து முடிந்ததும் அந்த மாணவி நேராக அவளிடம் வந்து கைகளால் ஏதோ கேட்டாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன கேட்கிறாள் என்று டீச்சரிடம் கேட்டேன்.

"வேலை கிடைக்குமான்னுதான்."

கேட்டுச் சொல்கிறேன் என்று எங்கள் பெண் சொல்லவில்லை. நேரே போய் மேலாளரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.