எர்-29-0 என்ற தாள்

எர்மெலிந்தா லக்காவாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் பத்தொன்பது வருஷத்தை மாணவர்களின் கவலைகளைக் கணினியில் ஏற்றியே கழித்திருக்கிறாள். தெற்கு இத்தாலியில் மலைமேல் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம். அதில் பொதுச் சுகாதாரத் துறையின் பதினான்காம் எண் அறை அவளுடையது. பிள்ளைகள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள், எத்தனை காபி குடிக்கிறார்கள், பரீட்சை என்றால் வயிறு கலங்குகிறதா, படித்தது மண்டையில் நிற்கிறதா என்று பேராசிரியர்கள் கேள்வித்தாள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகள் கட்டத்தில் குறி போடுவார்கள். அந்தக் குறிகளை எண்ணாக்கித் தட்டுவது இவள் வேலை. கட்டுரை வெளிவரும்போது காபி குடிக்க வந்துபோனவன் பெயர்கூட இருக்கும், இவள் பெயர் இருக்காது. போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

அவளுக்குப் பெருமை வேறொன்றில். ஒவ்வொரு ஆய்வுக்கும் முன்னால் வகுப்பில் நின்று ஒரு பத்தி வாசிக்க வேண்டும். வாசிப்பவள் அவளேதான். "இதில் உங்கள் பெயர் கிடையாது. யார் எழுதியது என்று யாரும் தேட மாட்டோம்." பின்வரிசையிலிருந்து எவனாவது, "நெஜமாவா மேடம்? எங்க வாத்தியாருக்குக்கூடத் தெரியாதா?" என்று இழுப்பான். "ஒங்க வாத்தியாரு என்னடா பெரிய வாத்தியாரு, போப்பாண்டவரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். பேசாம குறி போடு" என்பாள். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்போடுதான் பிள்ளைகள் உண்மையை எழுதினார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

பெயர் இல்லாவிட்டாலும், மார்ச்சில் எழுதியவரும் மே மாதம் எழுதியவரும் ஒரே ஆள்தானா என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஓர் அடையாளக் குறி. அம்மாவின் பெயரை இத்தாலியனில் எழுதினால் வரும் முதல் இரண்டெழுத்து, அம்மா பிறந்த தேதி, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். எவனுக்கும் மறந்துபோகாத சங்கதிகள் என்பதால் அப்படி வைத்தார்கள். அந்த ஊரில் பாதி அம்மாக்கள் மரியாதான். அதனால் 'ம' என்று தொடங்கும் தாள்களைத் தட்டித் தட்டி அவளுக்கு அலுத்துவிட்டது.

அந்த மார்ச்சில் சிவில் பொறியியல் கடைசி வருஷக் கட்டு வந்தது. அறுபத்திரண்டு தாள். அது அவள் மகன் கானியோ படிக்கும் வகுப்பு என்பதால் வாசிக்க மட்டும் வேறொருத்தியை அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை, முப்பதாவது தாளோ என்னவோ, எடுத்தாள். எர்-29-0.

எர்மெலிந்தா. பிறந்தது செப்டம்பர் இருபத்தொன்பது. கானியோ ஒற்றைப் பிள்ளை.

'அட, நம்ம பயல்!' என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. படிக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் தட்ட வேண்டுமே, தட்டுவதற்குப் பார்க்க வேண்டுமே. தூக்கம்: மோசம். சாப்பாடு: மோசம். முப்பத்தொன்றாம் கேள்வி, பரீட்சை முடிவைப் பற்றி வீட்டில் பொய் சொல்லியிருக்கிறீர்களா: 3, அடிக்கடி. முப்பத்திரண்டு, செத்துப்போனால் தேவலை என்று கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா: 3, ஏறக்குறைய தினமும். ஓரத்தில் கொட்டை எழுத்தில் யாரும் கேட்காத மூன்று வரி. 'ஜூலையில் பட்டம் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒன்பது பரீட்சை பாக்கி. அப்பா ஹோட்டல் பார்த்துவிட்டார்.'

அவள் கணவன் எஜிதியோ ஹோட்டல் பார்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அந்த ஊரில் பட்டம் என்பது கல்யாணத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம், தலைக்கு லாரல் இலைக் கிரீடம், எங்கெங்கோ வேலைக்குப் போன சொந்தமெல்லாம் ரயிலேறி வரும். பரீட்சையோ வாயால் சொல்லும் பரீட்சை. வாத்தியார் முப்பதுக்கு இருபது மார்க் தருகிறேன் என்றால், 'வேண்டாம், மறுபடி வருகிறேன்' என்று எழுந்து வந்துவிடலாம். முப்பதுக்கு ஆசைப்பட்டு எழுந்து வருகிறவனும் உண்டு, ஒன்றுமே தெரியாமல் வெளியே தள்ளப்பட்டு, 'நான்தான் வேண்டாம்னுட்டேன்' என்று வீட்டில் சொல்கிறவனும் உண்டு. வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு பொய் சொன்னால் அடுத்த பரீட்சைக்கு இன்னொன்று. கடைசியில் தேதி குறித்துவிடுவார்கள். அப்படித் தேதி குறித்த சில பிள்ளைகள் அந்தத் தேதிக்கு முன்னால் என்ன ஆனார்கள் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் அதே துறையில் இருப்பவளுக்குத் தெரியாதா?

மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. யாரும் தேட மாட்டோம் என்று ஆயிரம் பிள்ளைகளிடம் சொன்ன வாய் அது. கானியோ குளிக்கப் போனால் கதவருகே நின்றாள். அவன் தட்டில் மீதம் வைத்தால் எத்தனை வாய் மீதம் என்று எண்ணினாள். "என்னம்மா, போலீஸ்காரன் மாதிரி பின்னாடியே வர்ற?" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் அவள் நம்பவில்லை.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் எஜிதியோ ஆரம்பித்தான். பஸ் ஓட்டுகிறவன், எதையும் நேரத்தோடு முடிக்க வேண்டும் அவனுக்கு. "லிந்தா, மீன் சொல்லவா, ஆட்டுக்கறி சொல்லவா? தூரின்லேருந்து எங்கக்கா வர்றா. மீனுன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா."

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "கானியோ, எத்தனை பரீட்சை பாக்கி வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல. ஆய்வறிக்கை மட்டும்தான். ஏன்?"

"என் கண்ணப் பாத்துச் சொல்லு. ஒன்பதா?"

"என்ன ஒன்பது?"

"எல்லாம் எனக்குத் தெரியும்டா!" அதற்குமேல் அடக்க முடியவில்லை, உடைந்துபோனாள். "பட்டமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஹோட்டல ரத்து பண்ணிடலாம். அத்தைய வர வேணாம்னு நானே சொல்றேன். நீ இருந்தாப் போதும்டா. நீ இருந்தாப் போதும்."

"ஹோட்டல ரத்து பண்றதா?" என்றான் எஜிதியோ. "ஏன், கறி நல்லாருக்காதாமா?"

"நீங்க சும்மா இருங்க!"

கானியோ வெளுத்துப்போனான். பிறகு போனை எடுத்து, பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பதிவைத் திறந்து அம்மா முன்னால் வைத்தான். எஃகுக் கட்டமைப்பு இருபத்து நாலு. நீரியல் இருபத்தேழு. மண்ணியல் இருபத்தாறு. கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். பாக்கி ஒன்றும் இல்லை. "நீரியல்ல மட்டும் ரெண்டு தடவை விழுந்தேன்" என்றான் தரையைப் பார்த்து. "உன்கிட்ட ஒரே தடவைல முடிச்சேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"அந்தக் கேள்வித்தாள்ல நீ எழுதலயா?"

"அந்தத் தாளா? அன்னிக்கு நான் வகுப்புக்கே போகலயே. ஆய்வுக்கூடத்துல இருந்தேன்."

அப்பாடா! அவள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அவன் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள். தானும் மூன்று நாள் பசிக்குச் சேர்த்துச் சாப்பிட்டாள். பாதி வாயில்தான் அது உறைத்தது. தன் பிள்ளை இல்லை என்றால் வேறொருத்தி பெற்ற பிள்ளை. எர்மினியாவோ, எர்சிலியாவோ, எவளோ ஒருத்தி இந்நேரம் இதே மாதிரி சாப்பாடு பரிமாறிக்கொண்டிருப்பாள், ஒன்றும் தெரியாமல். அப்பாடா என்ற தன் வாயை அவளுக்கே பிடிக்கவில்லை.

பாத்திரம் துலக்கும்போது கானியோ பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அது நானாவே இருந்தா, வந்து உன்கிட்ட சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறியா?"

"ஏன் சொல்ல மாட்ட? நான் என்ன பேயா பிசாசா?"

"எதிர்வீட்டு அண்ணன் படிப்ப விட்டப்போ நீ என்ன பேசுன, ஞாபகம் இருக்கா? 'அவங்கம்மா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடைக்கு வருவா'ன்னு கேட்ட. நான் இதே எடத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

கழுவிய தட்டையே அவள் மறுபடி கழுவினாள். குழாயை மூடவும் மறந்துபோனாள்.

திங்கட்கிழமை பேராசிரியர் க்வாரந்தாவின் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் ஒப்பித்தாள். ஆய்வை நடத்துகிறவர் அந்த அம்மாள்தான். கோபப்படுவார், வேலை போகும் என்றுகூட எதிர்பார்த்துத்தான் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தேடினது தப்பு, எர்மெலிந்தா. அது உங்களுக்கே தெரியும். இனிமே யாருன்னு தேடக் கூடாது. தேடினோம்னு தெரிஞ்சா அடுத்த தடவை ஒரு புள்ளை உண்மை எழுதாது."

"அப்ப அந்தப் பிள்ளைய அப்படியே விட்டுடறதா மேடம்?"

"முப்பத்திரண்டாம் கேள்விக்கு மூணு போட்டவங்க மொத்தம் பதினேழு பேரு. நேத்து சாயந்திரம் கணக்குல பாத்தேன். எல்லாத் துறையும் சேத்து. ஒருத்தருக்கு மட்டும் ஏன் கேக்கறீங்க?"

எர்மெலிந்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பதினேழு. மற்ற பதினாறையும் தட்டியது அவளேதான். மூன்று, அடுத்த கட்டம். மூன்று, அடுத்த கட்டம். நடுவில் ஒரு மூன்றைத் தட்டிவிட்டு எழுந்து போய் காபிகூடப் போட்டாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை மூன்று தட்டியிருப்பாள்? அத்தனையும் சராசரியில் கரைந்துபோய் ஒரு படமாக வந்து, அதை யாரோ எங்கோ ஒரு மாநாட்டில் காட்டியிருப்பார்கள்.

"தேடக் கூடாது, சரி" என்றாள். "ஆனா பேசலாம் இல்லையா? அந்த வகுப்புல போய் எல்லார்கிட்டயும் பேசறேன். பேர் கேக்க மாட்டேன்."

க்வாரந்தா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆலோசனை மையத்துல இடம் கிடைக்க ரெண்டு மாசம் ஆவுது. நான் போன் பண்ணி வர்றவங்கள முன்னாடி எடுக்கச் சொல்றேன். நீங்க போங்க."

மறுநாள் காலை அவள் பொறியியல் வகுப்பில் போய் நின்றாள். இந்தத் தடவை கையில் வாசிக்கப் பத்தி இல்லை. மூன்றாம் வரிசையில் கானியோ தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒங்க தாளையெல்லாம் தட்டுறவ நான்தான். அதுல ஒண்ணப் படிச்சு என் பையன்னு நெனைச்சுட்டேன். வீட்டுக்குப் போய் அவனப் போட்டு உலுக்கிட்டேன். அவன் இல்ல." யாரும் சிரிக்கவில்லை. "அவன் இல்லைன்னதும் நிம்மதியாச் சாப்பிட்டேன். அதுக்கு வெக்கப்படறேன். யாருன்னு இனிமே தேட மாட்டேன். ஆனா வீட்டுல போய் எப்படிச் சொல்றதுன்னு தெரியாதவங்க பதினாலாம் நம்பர் அறைக்கு வாங்க. நானும் கூட வர்றேன். அம்மா கத்துவா. கத்தட்டும், நான் நடுவுல நிக்கறேன். எனக்கும் கத்தத் தெரியும்."

அன்று மதியம் யாரும் வரவில்லை. மறுநாள் ஒரு பெண் வாசலில் நின்று, "நீங்க சொன்னது என்னையா?" என்று கேட்டாள். "தெரியாது, உள்ள வா" என்றாள் எர்மெலிந்தா. அதற்கடுத்த நாள் இரண்டு பேர். இரண்டு வாரத்தில் பதினொரு பேர். மற்ற துறைகளிலிருந்தும் வந்தார்கள். அம்மா பெயர் என்ன என்று நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவாள். பாதிப் பேரைக் கையோடு ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப்போனாள்.

ஒருவனோடு எஜிதியோவின் பஸ்ஸிலேயே அவன் ஊருக்குப் போனாள். ஏழு பரீட்சை பாக்கி வைத்து, ஜூலைக்கு நாள் குறித்துவிட்டவன். இவனாகத்தான் இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்தாள். ஒன்பதை ஏழாகக் குறைத்துச் சொல்கிறான், பாவம். கதவைத் திறந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க வாங்க, நான் கார்மேலா" என்றாள். 'எர்' இல்லை, அப்படியானால் இவனும் இல்லை. இருந்தும் போய் உட்கார்ந்தாள். பையன் சொன்னான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கார்மேலா கத்தினாள், உண்மையாகவே கத்தினாள், பிறகு மகன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு எர்மெலிந்தா இன்னொரு வீட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வாசல் எங்கே என்றே தெரியவில்லை.

மே மாதம் இரண்டாம் சுற்றுத் தாள்கள் வந்தன. பொறியியல் கட்டில் ஐம்பத்தேழு. ஐந்து பேர் குறைவு. யார் அந்த ஐந்து? வகுப்புக்கு வராதவர்களா? கட்டைப் புரட்டித் தேடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு, வரிசையாகவே தட்டினாள். பத்து, இருபது, முப்பது. நாற்பது. நாற்பத்தெட்டாவது தாள் எர்-29-0.

இருக்கிறது. பிள்ளை இருக்கிறது!

வீட்டில் பொய்: 3. இன்னும் சொல்லவில்லை. ஜூலைக்கு ஏழு வாரம். முப்பத்திரண்டாம் கேள்வி: 2. பாதி நாளுக்கு மேல். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மூன்று இரண்டாகியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பதினொரு பேரில் ஒன்றா, வராதவனா, பெண்ணா பையனா, ஒன்றும் தெரியாது. அவள் அந்த இரண்டைத் தட்டினாள். திரை மங்கலாகத் தெரிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள். லூ-8-1. முப்பத்திரண்டில் 3. போன தடவை என்றால் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பாள்.

தாளைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டு, மறுபடியும் எல்லாரிடமும் பேசப் பொறியியல் கட்டடத்தை நோக்கி நடந்தாள்.