ஷெல்லுக்கு மேலே வயலின்

என் கல்யாண வீடியோவில் ஷெல் அடிக்கும் நேரமெல்லாம் வயலின் வாசிக்கிறார்கள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு மண்டபம் நிறைந்த வயலின்கள். கீழே பேஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் துள்ளுகின்றன. நடுவில் யாரோ ஒருவர் கவலையே இல்லாமல் சீழ்க்கை அடிக்கிறார். காதலும் பகிடியுமாக ஓடும் சென்னைப் படங்களில், கதாநாயகி மூக்கில் ஐஸ்கிரீமைப் பூசிக்கொள்ள, கதாநாயகன் அதைப் பார்த்துச் சொக்கிப்போகும் இடத்தில் வருகிற இசை அது. அந்தப் படங்களில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய அநியாயம் கதாநாயகியின் அப்பா கோபிப்பதுதான்.

அந்தக் காலத்தில் திருகோணமலையில் எடுத்த கல்யாண வீடியோ எல்லாவற்றிலும் இதைத்தான் ஊற்றினார்கள். படமெடுத்தபோது பதிந்த சத்தத்தைத் துடைத்துவிட்டு, அதன் இடத்தில் படத்து இசையைப் போடுவார்கள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுவார், கீபோர்ட் சத்தம் வரும். ஐயர் மந்திரம் சொல்ல வாயைத் திறப்பார், புல்லாங்குழல் கொஞ்சும். பெரியவர்கள் வாழ்த்துகிற இடத்தில் மட்டும் மனிதக் குரல் கொஞ்சம் கேட்கும். எங்கள் வீடியோவில் அதுவும் இல்லை. எனக்கு அந்த இசை பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கணவருக்கு என்னைவிடப் பிடிக்கும். குளிக்கும்போது ட்ரம்ஸையும் சேர்த்து வாயாலேயே அடிப்பார்.

கல்யாணத்துக்கு அவருடைய அம்மா வரவில்லை. மாமி இருந்தது விரிகுடாவுக்கு அக்கரையில், மூதூருக்கு அங்கால். அன்று விடியவே ஆட்களை ஏற்றி விரிகுடாவைக் கடக்கும் லாஞ்சை நிறுத்திவிட்டார்கள். துறைமுகப் பக்கமிருந்து ஆமிக்காரர் அக்கரைக்குப் பீரங்கியால் ஷெல் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் புறப்படும்போது மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன, பிள்ளைகள் வீரிட்டார்கள். சனம் அவசர அவசரமாக அட்சதை போட்டு, அவசர அவசரமாகச் சாப்பிட்டுப் போனது. எங்கள் நகரத்தில் பட்ட ஒவ்வொரு அதிர்வும் மாமியின் ஊரில் யாரோ ஒருவருடைய கூரையாக இருந்திருக்கும். அங்கே வீட்டுக்கு வீடு பதுங்குவதற்குப் பங்கர்க் குழி வெட்டி வைத்திருந்தார்கள்.

மாமி தப்பிவிட்டார். அவருடைய மகன் தப்பவில்லை. கல்யாணம் முடிந்து ஆறேழு மாதத்தில், காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவரைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். கழுத்தில் ஒன்று, முகத்தில் ஒன்று. சுட்டது யார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சாப்பாட்டுப் பெட்டி திறந்து, நான் கட்டிக்கொடுத்த சோறு தார் வீதியில் சிவந்து கிடந்தது. ஒரு நாய் வந்து அதை முகர்ந்தது. நான் கல்லெடுத்து அந்த நாயை அடித்தேன். அது கத்திக்கொண்டு ஓடிய பிறகும் துரத்தித் துரத்தி அடித்தேன். அடிக்க எனக்கு அகப்பட்டது அது ஒன்றுதான்.

அப்போதும் லாஞ்ச் ஓடவில்லை. செத்தவீட்டுக்கும் வராத மாமி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் வந்து சேர்ந்தார். அழவில்லை. முற்றத்தில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்:

"கல்யாணப் படம் இருக்குதாமே, பிள்ளை? அவன் கதைக்கிறதை நான் ஒருக்காக் கேக்க வேணும். அது போதும் எனக்கு."

மாமியின் ஊரில் கரண்ட் இல்லை. அதனால் அவர் அந்த வீடியோவை அதுவரை பார்த்ததில்லை. கதிரையைக் காட்டினேன். வேண்டாமென்று, டீவிக்கு மிகக் கிட்டத் தரையில் உட்கார்ந்தார். திரையில் தலைப்பாகையோடு என் கணவர் வந்தார், யாரையோ பார்த்துச் சிரித்து வாயைத் திறந்தார். வயலின்கள் கிளம்பின.

"எங்க அவன்ர குரல்?"

"இந்தச் சத்தம்தான் மாமி இருக்குது."

"இது ஆரோ சினிமாக்காரற்ற கூத்தெல்லோ. என்ர பிள்ளை எங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. டீவியை ஓடவிட்டுவிட்டுத் துறைமுக வீதியில் இருந்த வீடியோக் கடைக்கு நடந்தேன். கமராவில் முதலில் பதிந்த கசற்றைத் தா என்றேன்.

"அதுக்கு மேல வேற கல்யாணம் எடுத்திட்டன், அக்கா," என்றான் கடைக்காரத் தம்பி.

செருப்பைக் கழற்றி அவனை அடித்தேன். தோளில், கையில், காதில், பட்ட இடத்தில் எல்லாம் அடித்தேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு கத்தினான்:

"மாப்பிள்ளை அண்ணைதான் அக்கா அப்பிடிச் செய்யச் சொன்னவர்! வாழ்த்திற இடத்தில குரலை விடுவம் எண்டு நான் கேட்டனான். ஏலாது எண்டிட்டார். அம்மாவைக் கூட்டிவந்து காட்டப்போறன், ஷெல் சத்தம் ஒண்டும் அவவுக்குக் கேக்கக்கூடாது, முழுக்க மியூசிக்கைப் போட்டு மூடும் எண்டவர்."

செருப்பைக் கையில் பிடித்தபடியே வீடு வந்தேன். அவன் சொன்னதை மாமியிடம் அப்படியே சொன்னேன். மாமி எழும்பினார். திரையில் அப்போது மகன் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் மாமி பளார் பளார் என்று அறைந்தார்.

"எனக்கு விழுந்த ஷெல்லை எனக்கே ஒளிச்சியாடா, விசரா! நான் கேக்காத சத்தமாடா அது!"

மேசை ஆடியது. டீவி விழாமல் பிடித்தேன், மாமியைப் பிடிக்கவில்லை. எனக்கும் அந்த மனிதரை அறைய வேண்டும்போலத்தான் இருந்தது. சீழ்க்கைக்காரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். சத்தத்தை முழுவதும் குறைத்து அவனை நிறுத்தினேன்.

மாமி மூச்சு வாங்கியபடி மறுபடி தரையில் உட்கார்ந்தார். மகனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில்,

"தண்ணி கேக்கிறான்," என்றார்.

திரையில் யாரோ ஒருவர் அவரிடம் சோடாப் போத்தலை நீட்டினார்.

"வேட்டி இறங்குதாம்."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பெற்றவளுக்கு அந்த வாயின் ஒவ்வொரு கோணலும் தெரிந்திருந்தது. மகன் சொல்லச் சொல்ல மாமி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஷெல் அதிர்வில் படம் ஒரு முறை ஆடியது. அவர் தாலி கட்டிய கையோடு என் காதுப் பக்கம் குனிந்தார். வாய் மறைந்துவிட்டது.

"இதில என்ன சொன்னவன், பிள்ளை?"

அதை நான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அம்மா பங்கருக்குள்ள இறங்கியிருப்பா, என்னப்பா? எண்டு கேட்டவர், மாமி."

மாமி இன்னும் முன்னால் நகர்ந்து, தான் அறைந்த இடத்தில் கையை வைத்தார்.

"இறங்கினனான், ராசா," என்றார். "முதல் சத்தத்துக்கே இறங்கினனான்."