ஞாயிற்றுக்கிழமை ஐஸ்

புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இப்போதெல்லாம் அது ஓடாவிட்டாலும் கவலை, நாம் தொடாமலே ஓடிவிட்டால் அதைவிடக் கவலை. தூத்துக்குடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் எனக்கும் உங்களைப் போலவே தூக்கம் போய்க் கொஞ்ச காலம் ஆகிறது.

சோதனை ஓட்டம்

எங்கள் முதலாளி கோயம்புத்தூர்க்காரர். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எங்களிடம் வேலை கொடுத்திருந்த ஓர் ஐஸ் கம்பெனிக்கு வேண்டிய புரோகிராமை ஏஐயிடம் கேட்டார். தினமும் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் அனுப்ப வேண்டும், வண்டி கிளம்பியதும் படகுக்காரர்களுக்குச் செய்தி போக வேண்டும். நானாக இருந்தால் ஒரு வாரம் இழுத்திருப்பேன். அது டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டது. முதலாளி கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார்: "இது ஒழுங்கா ஓடுச்சுன்னா, உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு யோசிக்கோணுங்க மேரி."

மாற்று ஏற்பாடு

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் அடித்துச் செய்யும் எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் விற்கும் கடைக்குப் போனேன். தொழிலைக் கற்றுக்கொண்டு பேக்கரி வைத்துவிடலாம், அது கை வேலை, கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்காது என்று நினைப்பு. சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்த கடைக்கார அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்ததைக் கைகாட்டினார். "மெஷினுக்குப் பயந்து இங்கனயா வந்தே? இங்கன முட்டை அடிக்கதே மெஷின்தான் ஏளா."

பூசை நேரத்தில்

மறுநாள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லார் கையிலும் செல்போன், ஒரே சிரிப்பு. 'உங்கள் படகுக்கு ஐஸ் வருகிறது' என்று ஏஐ எழுதிய புரோகிராம் செய்தி அனுப்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றாது. முதலாளி 'தினமும்' என்றார், ஏஐ நம்பிவிட்டது, வெளியூர் டிரைவரும் வண்டியை எடுத்துவிட்டார். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐஸ் கம்பெனிக்காரர் போன் போட்டார்: "ஏளா, ஐஸ் வண்டி கடக்கரையில ஒழுகிட்டு நிக்கு. இத யாரு தலையில கொட்ட?"

புது உத்தியோகம்

திங்கட்கிழமை நான் ஏஐ முன்னால் உட்கார்ந்தேன். ஞாயிறு, மீன்பிடித் தடைக்காலம், புயல் எச்சரிக்கை, மாதா திருவிழா என்று ஐஸ் வேண்டாத நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அது முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுத்தது. பாவம், யாராவது சொன்னால்தானே அதற்கும் தெரியும். அதன்மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சொன்னார்: "இனி நீங்க மீன்பிடித் துறைமுகத்துலயே சுத்துங்க. அங்க இருக்கறவங்க சொல்லாம விட்டதைக் கேட்டுட்டு வந்து இதுகிட்ட வேலை வாங்குங்க, சம்பளம் அதேதானுங்க."

ஆக, என் வேலையைப் பிடுங்க வந்த ஏஐ கடைசியில் பிடுங்கிக்கொண்டது என் ஏசி அறையைத்தான்.