வின்ச் மாமாவின் விரல்

செல்போன் திரைக்குக் கொஞ்சம் மேலே, இறங்காமல் நின்றுகொண்டிருந்த ஒரு விரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தடித்த ஆள்காட்டி விரல். நடுக்கமில்லை, காத்திருந்தது. விரலுக்குச் சொந்தக்காரர் செல்போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்ததும் விரல் சரியான இடத்தில் இறங்கியது. உடனே மறுபடி மேலே போய் நின்றுகொண்டது.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியவர்களுக்கு செல்போன் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பாதிரியார் என்னிடம் ஒப்படைத்திருந்தார். என் வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட என்னை நம்பிக் கொடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. நாலு புத்தகம் படித்தவனுக்கே உரிய கெட்ட புத்தியோடு, முதல் வகுப்பைத் தொலைபேசியின் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த மீன் விற்கும் அக்கா கையை உயர்த்தினார். "வாத்தியாரே, அத்த கண்டுபுட்ச்சவன் செத்துட்டான்ல? வுடு. பேரன் போட்டோவ எப்டி பெர்சு பண்றது, அத்த சொல்லு." பாடத்திட்டம் அன்றே திருத்தப்பட்டது.

அந்த விரல்காரரை எல்லோரும் வின்ச் மாமா என்பார்கள். துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வகுப்புக்கு வந்ததே தன் தோஸ்துக்காகத்தான். கூட வேலை பார்த்த அந்த மனிதர் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். இயந்திர இரைச்சல் இருவர் காதையும் தின்றிருந்தது; மாமாவுக்குக் கொஞ்சம் மிச்சம், தோஸ்துக்குச் சுத்தமாக இல்லை. ஃபோன் போட்டால் மகள் எடுத்து, "அப்பா நல்லா இருக்காரு மாமா" என்பாள்.

"அவன் நல்லா கீறான்னு அவ சொல்றா. அவன் சொல்லலியே நைனா," என்றார் மாமா. ரயிலேற இருவர் முழங்காலும் இனி இடம்கொடுக்காது. வீடியோ கால் ஒன்றுதான் வழி. அதையும் யார் தயவும் இல்லாமல் தானே போட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தால் மாமா முதல் மாணவர். வீட்டுக்குப் போனால் செல்போனைத் தொடுவதே இல்லை. "இன்னா மாமு, தொட்டா கட்ச்சிடுமா அது?" என்று அக்கா சீண்டுவார். துணிச்சலைப் பற்றி நான் ஒரு சிற்றுரையே ஆற்றினேன். காது மந்தமாக இருப்பதும் ஒரு வரம்தான் என்பது மாமாவின் முகத்தில் தெரிந்தது.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "பயமா மாமா?"

"பயமா? டன் கணக்குல இரும்பத் தூக்கினவன் நானு. கப்பல் வவுத்துக்குள்ள இன்னா கீதுன்னு வின்ச்சு ஓட்றவனுக்குத் தெரியாது நைனா. ஓரமா ஒருத்தன் நின்னு எட்டிப் பாத்துக் கை காட்டுவான். என் தோஸ்துதான். அவன் கை அசையாம நான் லீவரத் தொட்டா, கீய நிக்கிறவன் செத்தான்."

நான் அச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய தொழில் ஒழுக்கம். தோஸ்தின் இடத்தில் நின்று இத்தனை வாரமாகத் தலையசைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"எல்லாத்துக்கும் அவர் கைதானா?"

"தூக்க, எறக்க, அவன் மட்டுந்தான். நிறுத்துன்னு எவன் கை காட்னாலும் நிறுத்திடணும். டீ கொண்டாறவன் காட்னாலும் சரி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொடங்குவதை மட்டுமே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்துவதை ஒருவருக்கும் சொல்லித்தரவில்லை. அடுத்த ஞாயிறு முழுக்க அதே பாடம். "இங்க கீழ ஆள் யாரும் நிக்கல மாமா. எங்க போய் மாட்டுனாலும் இந்த வட்டத்த அமுக்கினா திரும்பி வந்துரலாம். பணமோ, ரகசிய நம்பரோ கேட்டா மட்டும் அங்கயே நிறுத்திடணும்." வேண்டுமென்றே தப்பான இடங்களுக்குப் போய்த் திரும்பி வந்தோம். அக்கா கேமராவுக்குள் போய், "யார்ரா இந்தக் கெய்வி?" என்று அலறி, வட்டத்தை அமுக்கித் தப்பித்தார். மாமா எனக்கே தெரியாத ஏதோ ஒரு மூலைக்குப் போய் நின்றார். என்னைப் பார்க்காமல் அமுக்கினார். திரும்பி வந்தார். "நின்னுச்சி," என்றார்.

மாமா இப்போது வகுப்புக்கு வருவதில்லை. என் ஆசிரிய வாழ்க்கையின் ஒரே சாதனை அதுதான்.

வராத முதல் வாரம், என்ன ஆனதோ என்று ஒரு பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. செல்போனைச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார் மாமா. திரையில் ஒரு வழுக்கைத் தலை. ஃபோன் அதிர்ந்தால் பச்சையைத் தள்ளத் தோஸ்தை மகள் பழக்கியிருந்தாளாம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே ஒரு கை உயர்ந்து, விரலொன்று மெல்லச் சுழன்றது. இங்கே மாமாவின் உள்ளங்கை விரிந்தது, மடங்கியது. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சொல்றாரு மாமா?"

"மவ சோறு போட்டுப் போட்டு பாரம் ஜாஸ்தியாய்ட்சாம். அவனத் தூக்கறதுன்னா மெதுவாத் தூக்கணும்ன்றான்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "வாசல்ல நிக்காத நைனா, வெளிச்சம் மறைக்கிது. அவனுக்கு என் கை தெரியணும்."